போட்டோக்கொப்பிக் கடைச் சுவர்

களுவாஞ்சிகுடி ஆசுப்பத்திரிக்குக் கிட்ட
பத்தடிக்கு எட்டடி என் கடை.
ஒரு மெசின், ஒரு லெமினேற்றர், றீலோட்.
சுவரில் ஆறு தாள்.

ஆறும் என் கையெழுத்து.
சிவப்பு மார்க்கர்,
ஒவ்வொன்றின் கீழும் இரண்டு கோடு.

கடன் இல்லை.
அது குகதாசனுக்காக எழுதினது.
மகளின் கம்பஸ் அலுவல் என்று
நாற்பது பக்கம் அடித்துக்கொண்டு போன மனிசன்
இப்போது றோட்டின் மறுகரையால் சைக்கிள் விடுகிறார்.

பேனை இல்லை.
யாரென்று தெரியாது.
ஒரே மாதத்தில் பதினொரு பேனை.

மாற்றின காசு இல்லை.
போன் சார்ஜ் இல்லை.
இரண்டாவது, கரண்ட் பில் வந்த அன்று
சோறும் தின்னாமல் எழுதினது.

அவசரப்படுத்தினால் வேலை இல்லை.
அதற்கு ஒரு கிளாக்கர் காரணம். விடுங்கள்.

லெமினேற் பண்ணினது திருப்புவதற்கு இல்லை.
பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில் பெயர் பிழையாம்,
ஒட்டினதைப் பிரித்துத் தரச்சொல்லி
ஒரு பிள்ளைத்தாய்ச்சி இந்த மேசையில் நின்று அழுதாள்.
அழுதவளிடமும் நான் காசு வாங்கினேன்.

ஒட்டி முடித்த அன்று பெருமையாக இருந்தது,
காவலுக்கு ஆறு பேர் வைத்தது போல.

மறுகா ஒரு செவ்வாய்க்கிழமை.
கிளினிக் நாள். வாசல் மட்டும் சனம்.
மெசின் தாளைக் கடித்துக்கொண்டு நின்றது.
மண்டூரில் பாதையேறி வந்தவள் ஒருத்தி,
என் வயதுதான் இருக்கும்,
கிளினிக் கொப்பியை விசிறியாக்கி நின்றாள்.
கூட வந்தது
முன்பல் விழுந்த ஒரு பெட்டைக்குஞ்சு.
அது சுவரைப் பார்த்தது.

"க... ட... ன்.
இல்... லை. இல்லை."
"பே... னை.
இல்லை."

மூன்றாவது தாளில் எழுத்துக் கூட்டவில்லை.
நாலாவதில் முன்சொற்களை விட்டுவிட்டது.
கிளித்தட்டில் கோடு தாண்டுகிற மாதிரி
விரலை நீட்டி நீட்டி
இல்லை! இல்லை! இல்லை!

வரிசை முழுக்கச் சிரித்தது.
பிள்ளை தாயிடம் திரும்பி,
பெரிய விசயம் கண்டுபிடித்த குரலில்,
"அம்மா, இந்தக் கடையில
எல்லாத்துலயும் இல்லை இரிக்கு."

"வாயப் பொத்து, புள்ள."
பிறகு என்னிடம்,
"குறை நினைக்காதீங்க,
இப்பதான் ரெண்டாம் ஆண்டு படிக்கிறா."

நான் மெசினுக்குள் தலையை விட்டு
கிழிந்த தாளை இழுத்தேன்.
அதுபாட்டுக்கு வந்துவிட்டது.
தலையை வெளியே எடுக்கத்தான் நேரம் பிடித்தது.

குகதாசன் இந்தத் தாளை என்றைக்குப் படித்தார்?
பேனைக் கள்ளன் படித்தானா?
படித்ததெல்லாம்
கணக்காய்ச் சில்லறை கொண்டு வந்தவர்கள்,
ஏழு மணி பஸ்ஸில் வந்து
நான் கதவு திறக்கும்வரை வெயிலில் நின்றவர்கள்.
ஆறு பேர் செய்ததற்கு
ஊருக்கெல்லாம் சிவப்பு மை.

செட்டிபாளையத்து மாஸ்டர் ஒருவர்
சனிக்கிழமை தவறாமல் ரியூசன் தாள் அடிப்பார்.
சத்தம் போட்டதில்லை, விலை கேட்டதில்லை.
எப்போது வராமல் விட்டார் என்று
அன்றிரவு எண்ணிப் பார்த்தேன்.
எனக்கே தெரியவில்லை.

கடை பூட்டமுதல் தாள்களைப் பிய்த்தேன்.
டேப்போடு பெயின்ரும் உரிந்தது,
சுவரில் சதுரம் சதுரமாய் வெள்ளை.

எல்லாவற்றையும் பிய்க்கவில்லை.
கடன் இல்லை இருக்கட்டும்,
எனக்கும் பிள்ளைகள் இருக்கு.
லெமினேற்றர் பக்கத்தில் புதிசாக ஒன்று,
நீல மையில்:
ஒட்டமுதல் பெயரை ஒருக்காச் சரி பாருங்க.
அடுத்த கடையில் வலை நூல் ஒரு முழம் வாங்கி
மேசைக்காலில் ஒரு பேனை கட்டினேன்.

மாஸ்டர் வரவில்லை.
அந்தப் பிள்ளைக்கு அடுத்த கிளினிக் எப்போதோ.
வெள்ளிக்கிழமை பேனை போய்விட்டது,
நூலோடு சேர்த்து.

மார்க்கரின் மூடியைத் திறந்தேன்.
மூடினேன்.
பெட்டியில் இன்னும் ஒன்பது இருக்கு.